ஹெல்மெட் திரும்பிய பக்கம்

முதுகு காட்டி நிற்கிறவனுக்குப் பின்னால் நடப்பது தெரியக் கூடாது. விழுப்புரத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்று சூப்பர்வைசர் அண்ணன் எனக்குச் சொல்லித்தந்த முதல் பாடம் இதுதான். எனக்குச் சிரிப்பு வந்தது. தெரியாதுதானே, இதை ஒரு பாடமாகவா சொல்லித்தர வேண்டும்?

அவர் கம்ப்யூட்டரில் ஒரு கேமைப் போட்டுக் காட்டினார். அமெரிக்கன் ஃபுட்பால். பேர்தான் ஃபுட்பால், பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டுதான் ஓடுகிறார்கள். பந்தும் உருண்டை இல்லை. உரித்த தேங்காயை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்ததுபோல இருந்தது. எல்லோர் தலையிலும் ஹெல்மெட், வாய்க்கு முன்னால் கம்பி. ஒருவன் பந்தை வீசினான். அவனுக்கு முதுகைக் காட்டி எதிர்த்திசையில் ஓடிக்கொண்டிருந்த இன்னொருவன், தலையைக்கூடத் திருப்பாமல், சரியான இடத்தில் எகிறிப் பந்தைப் பிடித்தான்.

"பாத்தியாம்மா? முதுகுல கண்ணு. பழைய கேம்ல எல்லாருக்கும் முதுகுல கண்ணு. அங்க வெளையாடற பசங்க, இது இன்னா போங்காட்டம்னு திட்டறானுங்க. அதத்தான் நாம சரி பண்ணப் போறோம்."

"நாமளா?"

"பின்ன? நீயும் நானுந்தான். விழுப்புரத்துல ஒக்காந்துகினு."

சூப்பர்வைசர் அண்ணன் கோட்டக்குப்பத்துக்காரர். துபாய்ப் பக்கம் ஒரு பெரிய மாலில் கேமரா ரூமில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். ஆட்கள் நடப்பதைப் பார்த்தே அவர்கள் என்ன செய்யப்போகிறார்கள் என்று சொல்லுவார். அவர்தான் விளக்கினார். பழைய கேமில் ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் அவேர்னஸ் என்று ஒரு நம்பர் கொடுத்திருப்பார்களாம். நம்பர் பெரிதாக இருந்தால் அவனுக்கு எல்லாம் தெரியும், பின்னால் வருவதும் தெரியும். சின்னதாக இருந்தால் கண்ணெதிரில் இருப்பதும் தெரியாது. நிஜ மனுஷன் அப்படி இல்லை. அவனுக்கு எதிரில் விசிறி மாதிரி ஓர் இடம் தெரியும். அந்த விசிறிக்குள் ஆள் வர வேண்டும், வந்தவனை இன்னொருவன் மறைக்காமல் இருக்க வேண்டும், அப்புறம் மூளைக்கு உறைக்க வேண்டும், அப்புறம்தான் உடம்பு அசையும். நிஜ ஆட்டத்தின் வீடியோவை அந்த அமெரிக்க கேம் கம்பெனிக்காரர்கள் அனுப்புவார்கள். அதை ஒவ்வொரு படமாக நகர்த்தி, இவன் இப்போது எந்தப் பக்கம் பார்க்கிறான், எந்தப் படத்தில் இவனுக்குத் தெரிகிறது என்று நாங்கள் குறிக்க வேண்டும். அதை வைத்து அவர்கள் புது கேம் செய்வார்கள்.

நான் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதப் போன அன்று பள்ளிக்கூட வாசலில் வாந்தி எடுத்துவிட்டுத் திரும்பி வந்தவள். மறுபடி போகவே இல்லை. வீட்டைப் பூட்டினால் நாலு எட்டு போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். ரயில் தண்டவாளத்தைத் தாண்டும்போது இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, முதலில் பார்த்த பக்கம் இதற்குள் ஏதாவது வந்திருக்குமோ என்று மறுபடி பார்ப்பேன். எங்கள் அண்ணன் இதற்காகவே என்னைக் கிண்டல் பண்ணுவான். "இவளுக்கு ரோடு தாண்டறதுக்குள்ள ரேஷன் கடையே மூடிடுவாங்க." அந்த ஆபீசில் மட்டும்தான் என் பயம் ஒரு தகுதியாக இருந்தது. செருப்புக் கடைக்கு மேல் மாடி, பத்துப் பன்னிரண்டு கம்ப்யூட்டர், டிகிரி முடித்த பிள்ளைகள். அவர்கள் ஒருமுறை பார்ப்பதை நான் நான்குமுறை பார்ப்பேன். ரொம்ப மெதுவாக வேலை செய்கிறாள் என்று பேர் வாங்கினேன், ஆனாலும் சூப்பர்வைசர் அண்ணனுக்கு அதுதான் பிடித்தது.

முதல் மாதம் நான் குறித்ததெல்லாம் திரும்பி வந்தது. ஹெல்மெட் ஒரு பக்கம் திரும்பியதும் 'பார்த்தான்' என்று போட்டுவிடுவேன். சூப்பர்வைசர் அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தல திரும்பினா பாத்துட்டான்னு அர்த்தமா? நீ ரயில்ல ஜன்னல் பக்கந்தான் திரும்பி ஒக்காந்துகினு வர்ற. மயிலத்துக்கும் பேரணிக்கும் நடுவுல இன்னா பாத்த, சொல்லு."

ஜன்னல் கம்பிதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

"அவ்ளோதான். தலைய நம்பாத. ஒடம்பப் பாரு. பாத்தவன் ஒடம்பு பதில் சொல்லும். குதிகால் தூக்கும், தோள் சாயும், கை மடங்கும். பதில் வர்ற எடத்துலேர்ந்து கொஞ்சம் பின்னாடி போ. அங்கதான் பாத்துருக்கான். பதிலே வரலன்னா பாக்கலன்னு போடு. ஜல்தி ஜல்தியா போடாத."

அதற்கப்புறம் என் குறிப்புகள் திரும்பி வருவது குறைந்தது. ஆனால் வேறொன்று தொடங்கியது. ஒரு துண்டு வீடியோவில் வெள்ளை ஹெல்மெட் போட்ட ஒருவன் பந்து வரும் திசையைப் பார்த்து நிற்கிறான். அவன் முதுகுக்குப் பின்னால் ஒருவன் முழு வேகத்தில் ஓடி வருகிறான். இடிக்கும் படம் வரை நகர்த்திப் பார்த்துவிட்டேன். வெள்ளை ஹெல்மெட்டுக்காரன் திரும்பவில்லை, குதிகால் தூக்கவில்லை, ஒன்றும் இல்லை. 'பார்க்கவில்லை' என்று போட்டுவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டியதுதான். நான் போகவில்லை. ஒவ்வொரு படமாகப் பின்னால் நகர்த்தினேன். பின்னால் வருகிறவன் தூரமாகிக்கொண்டே போனான். வெள்ளை ஹெல்மெட் அப்படியே நின்றது. மறுபடி முன்னால். "டேய், திரும்புடா" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்து நாற்காலிப் பெண் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

போன வருஷம் மார்கழியில் என் அண்ணன் செத்துப்போனான்.

திண்டிவனத்தில் எங்கள் வீட்டில் நான்கு பேர்: அம்மா, அண்ணன், அண்ணி, நான். அப்பா இல்லை. அண்ணன் மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை மூட்டை ஏற்றி இறக்குகிறவன், வேர்க்கடலையைத்தான் நாங்கள் மல்லாட்டை என்போம். அண்ணி ஷூ கம்பெனிக்குப் போகிறவள், தெருமுனையில் கம்பெனி பஸ் வரும். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அன்று காலை அவன் ஈர லுங்கியை அண்ணியின் கம்பெனிச் சட்டைமேல் போட்டுவிட்டான். பஸ் வருகிற நேரம். அண்ணி கத்தினாள். அவன் சிரித்தான். சிரித்ததும் அவளுக்கு இன்னும் ஏறிவிட்டது.

"எங்கனா போய் ஒழி! எனக்காவது நிம்மதி கெடைக்கும்!"

வாசலில் நின்று சொன்னாள். தெருவே கேட்டது. தலைவாரிக்கொண்டிருந்த நானும் கேட்டேன். அவன், "ஒழிஞ்சிட்டு சாயங்காலம் வர்றேன்" என்று சொல்லிவிட்டு, கறுப்பு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு மொபெட்டை உதைத்தான்.

நான் விழுப்புரம் போய்ச் சேரவில்லை. முண்டியம்பாக்கம் வருவதற்குள் போன் வந்துவிட்டது. பைபாசைக் குறுக்கே தாண்டும்போது மெட்ராஸ் போகிற லாரி அடித்துவிட்டது. முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கொண்டு வருகிறார்கள், நீ அங்கேயே இறங்கிக்கொள் என்றார்கள். இறங்கி ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன். ஆம்புலன்சுக்கு முன்னாலேயே நான்தான் போய்ச் சேர்ந்தேன். அது வந்தபோது கதவைத் திறந்தவர் அவசரப்படவில்லை. அவர் அவசரப்படாததிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

அந்த இடத்தில் ஒரு டயர் கடை இருக்கிறது. அதன் கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது. போலீஸ் ஒரு காப்பி வாங்கிக்கொண்டு போனது. இன்னொன்று எப்படியோ போன் போனாகச் சுற்றி, கருமாதிக்குள் எங்கள் சொந்தம் முழுக்கப் பார்த்துவிட்டது. அம்மா பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. அண்ணியிடம் யாரும் காட்டவில்லை, ஆனால் அவளுக்குக் கேட்கிற மாதிரி பேசினார்கள். கருமாதிப் பந்தலில் பெரியப்பாதான் ஆரம்பித்தார்.

"நல்லாத் திரும்பிப் பாக்கறான்யா. லாரி வர்ற பக்கமே திரும்பறான். திரும்பிப் பாத்துட்டு வண்டிய வுடறான். இதுக்கு இன்னா அர்த்தம்?"

யாரோ, "வாய்ல வந்த வார்த்த அப்பிடி" என்றார்கள்.

"காலங்காத்தால பொண்டாட்டி ஒழின்னு சொன்னா, மனுசன் இன்னா பண்ணுவான்?" என்றார் பெரியப்பா.

எங்கள் சொந்தத்தில் ஒரு வழக்கம் உண்டு. வருஷம் திரும்பும்போது செத்தவனுக்கு வீட்டுக்குள் இலை போட்டுப் படைப்போம். முன்னால் செத்தவர்களின் இலைக்குப் பக்கத்தில் அவன் இலையும் சேரும். தானாக உயிரை விட்டவனுக்கு மட்டும் உள்ளே இலை கிடையாது, வாசலில் ஓர் ஓரமாகப் போட வேண்டும். உள்ளே போட்டால் மற்றவர்கள் தங்கள் இலைக்கு வரமாட்டார்கள் என்பார்கள். பெரியப்பா தீர்மானமாகச் சொல்லிவிட்டார். வருஷம் திரும்பட்டும், அவனுக்கு வாசலில் இலை. அதோடு அண்ணியை மேல்சித்தாமூர்ப் பக்கம் அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடலாம். அண்ணி மூலையில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் அம்மா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து அம்மா அண்ணியோடு நேராகப் பேசுவதை விட்டுவிட்டாள். அவள் எதிரில் நிற்கும்போதே என்னைப் பார்த்து, "அவள சாப்பிடச் சொல்லு" என்பாள். அண்ணியும் என்னைப் பார்த்து, "பசிக்கலன்னு சொல்லு" என்பாள். ஒரே அடுப்பங்கரையில் மூன்று பேர் நின்றுகொண்டு இப்படி.

அம்மாவின் கவலை வேறு. அவள் என்னிடம் மட்டும் கேட்பாள். பாத்திரம் கழுவும்போது, துணி மடிக்கும்போது, திடீரென்று.

"ஏன்டி, அவனுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காதுல்ல? பயந்திருப்பானாடி?"

"தெரிஞ்சிருக்காதும்மா."

"சின்னதுலேர்ந்தே அவனுக்குத் திடீர்னு பயந்தா நெஞ்சு அடச்சுக்கும். தெரியாமப் போயிருந்தான்னா போதும்டி எனக்கு."

அவளுக்கு அவன் பார்க்காமல் இருந்திருக்க வேண்டும். அது ஒன்றுதான் வேண்டும்.

நான் திரும்ப வேலைக்குப் போன வாரம் அமெரிக்காவிலிருந்து புது கேம் வந்திருந்தது. எங்கள் குறிப்புகளை வைத்துச் செய்தது. எல்லோரையும் கூப்பிட்டுப் பெரிய திரையில் போட்டார்கள். சூப்பர்வைசர் அண்ணன் வேண்டாமென்று கண்ணைக் காட்டினார், நான் கவனிக்காமல் போய் நின்றுவிட்டேன். ஒருவன் முதுகைக் காட்டி நிற்கிறான். பின்னால் ஒருவன் ஓடி வருகிறான். பழைய கேமில் என்றால் இவன் விலகியிருப்பான். இப்போது விலகவில்லை. ஒன்றும் தெரியாமல், இடுப்பில் கை வைத்துக்கொண்டு, யாரையோ பார்த்து நின்றான். அடி விழுந்தது. ஹெல்மெட் பின்னால் மடங்கியது.

"சூப்பர்! அப்பிடியே நெசமா இருக்கு!" என்று பிள்ளைகள் கைதட்டினார்கள். கைதட்டத்தான் வேண்டும், அவ்வளவு பாடுபட்டிருந்தோம். நான் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். என் அண்ணன் முதுகில் இருந்த கண்ணையும் நாங்கள்தான் பிடுங்கினோம் என்று தோன்றியது. கிறுக்குத்தனமான நினைப்புதான். ஆனால் அது போகவில்லை. ரயிலில் ஏறி உட்கார்ந்தால் எதிர் சீட்டுக்குப் பக்கத்தில் ஒருவர் எனக்கு முதுகைக் காட்டி நிற்பார். கழுத்துக்கு மேலே தலை இருக்கும் இடத்தில் எனக்கு ஹெல்மெட் தெரியும். சில நாள் வெள்ளை. சில நாள் கறுப்பு. தண்டவாள ஓரத்தில் ஆடு மேய்க்கிறவர், பிளாட்பாரத்தில் மல்லாட்டை விற்கிற அம்மா, எல்லோருக்கும் முன்னால் அந்த விசிறி விரியும். விசிறிக்கு வெளியே என்ன வருகிறது என்று நான் பார்த்துக்கொண்டே போவேன். யார் பின்னால் எது வந்தாலும் எனக்குத்தான் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. விக்கிரவாண்டி தாண்டினால் கண்ணை மூடிக்கொள்வேன்.

இப்படி ஒரு வருஷம் ஓடிவிட்டது. வருஷப் படையலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, கம்பெனி பஸ்சை விட்டு இறங்கிய அண்ணி நேராக என்னிடம் வந்தாள். அம்மா கடைக்குப் போயிருந்தாள்.

"நீ அந்த வீடியோவப் பாரு."

"எந்த வீடியோ?"

"தெரியாத மாதிரி கேக்காத. ஊரே பாத்துருச்சு. பாத்தவங்க யாருக்கும் பாக்கத் தெரியாது. நீ வேலையில பாக்கற மாதிரி பாரு. ஒங்கண்ணன் பாத்துட்டுப் போனாரா, பாக்காமப் போனாரான்னு சொல்லு. எதுவா இருந்தாலும் நான் கேட்டுக்கறேன்."

"எனக்கு பயமா இருக்கு அண்ணி."

"எனக்கு மட்டும் இன்னா, குளுகுளுன்னா இருக்குது? நான் சொன்ன வார்த்தைக்குத்தான் போனாருன்னா போனாருதான். மூட்ட கட்டிகினு எங்கம்மா வூட்டுக்குப் போயிடறேன். இல்லன்னா இல்லன்னு ஒருத்தியாவது சொல்லு."

அவள் போனிலேயே அது இருந்தது. யாரோ அனுப்பியிருந்தார்கள். அவளும் திறக்கவில்லை.

சூப்பர்வைசர் அண்ணனிடம் கேட்டேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்களைக் கீழே அனுப்பிவிட்டு, எங்கள் வேலைக் கம்ப்யூட்டரிலேயே அதை ஏற்றிக்கொடுத்தார். பக்கத்தில் உட்காரவில்லை. "இத நான் செக் பண்ண மாட்டேம்மா. நீ போடறதுதான் கணக்கு" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றார்.

வீடியோவில் அவன் முதுகு தெரிந்தது. சட்டை தெரிந்தது. நான் அவன் முகம் தெரியும் என்று பயந்துகொண்டிருந்தேன், தெரியவில்லை. கறுப்பு ஹெல்மெட்டின் பின்பக்கம்தான். ரோட்டு ஓரத்தில் காலை ஊன்றி நிற்கிறான். ஹெல்மெட் வலது பக்கம் திரும்புகிறது. வண்டி வருகிற பக்கம். பெரியப்பா சொன்னது பொய்யில்லை, நன்றாகத் திரும்புகிறது. அப்புறம் காலை எடுத்து வைத்துக்கொண்டு வண்டியை விடுகிறான்.

தலையை நம்பாதே.

ஹெல்மெட்டிலிருந்து லாரிக்கு ஒரு கோடு போட்டேன். எங்கள் வேலையில் முதலில் செய்வது அதுதான். கோடு லாரிக்குப் போய்ச் சேரவில்லை. நடுவில் கரும்பு இருந்தது. சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகிற டிராக்டர், பெட்டிக்கு வெளியே அகலமாகப் பிதுங்கிய சுமை, ஓரத்தில் மெதுவாக ஊர்ந்து வந்தது. லாரி அதற்கு அந்தப் பக்கம், அதைத் தாண்டிக்கொண்டு வந்திருக்கிறது. கேமரா உயரத்தில் இருப்பதால் நமக்கு லாரியின் தலை தெரிகிறது. மொபெட்டில் உட்கார்ந்திருக்கிறவனுக்குத் தெரிய வழியில்லை. அவன் பார்த்தது டிராக்டரை. மெதுவாக வருகிறது, அதற்குள் தாண்டிவிடலாம் என்று போயிருக்கிறான். நானாக இருந்தாலும் போயிருப்பேன். இல்லை, நான் போயிருக்க மாட்டேன். நான் இன்னும் அங்கேயே நின்றிருப்பேன்.

'பார்க்கவில்லை' என்று போட்டேன். அண்ணிக்கும் ஆயிற்று, அம்மாவுக்கும் ஆயிற்று என்று நிம்மதியாக இருந்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நான்குமுறை பார்க்கிற பழக்கம் என்னை விடவில்லை.

லாரி கரும்புக்கு முன்னால் வெளியே வருகிறது. அவன் நடு ரோட்டில் இருக்கிறான். நகர்த்தினேன். நகர்த்தினேன். அவன் வலது தோள் பின்னுக்குப் போகிறது. இடது கால் மேலிருந்து கீழே வருகிறது. முன்சக்கரம் இடது பக்கம் மடங்குகிறது. முழுதாக மடங்குகிறது. அதற்கடுத்த படத்தை நான் பார்க்கவில்லை.

உடம்பு பதில் சொல்லிவிட்டது. பதில் வந்த இடத்திலிருந்து கொஞ்சம் பின்னால் போனால், அங்கே பார்த்திருக்கிறான்.

சூப்பர்வைசர் அண்ணன் ஜன்னல் பக்கமிருந்தே, "முடிஞ்சுதாம்மா?" என்றார். முடிந்தது என்றேன்.

அன்று ரயிலில் எனக்கு ஹெல்மெட் எதுவும் தெரியவில்லை. வீட்டில் இதை எப்படிச் சொல்வது என்கிற கவலை ஒன்றுதான். கரும்பை மட்டும் சொல்லுவோம். அது போதும். கரும்பு மறைத்தது, அவனுக்குத் தெரியாது, அண்ணி மேல் தப்பில்லை. மீதியை விழுங்கிவிடுவோம்.

படையலன்று காலையிலேயே பெரியப்பா வந்துவிட்டார். அண்ணி குளித்துவிட்டு வடைக்கு அரைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே அப்பா படத்துக்கு முன்னால் ஓர் இலை போட்டிருந்தது. இன்னொரு இலை சுருட்டியபடியே அம்மா மடியில் இருந்தது.

"இன்னாம்மா, இலைய வச்சிகினு குந்தியிருக்க? வாசல்ல எடம் மொழுவலயா?" என்றார் பெரியப்பா.

நான் பேசினேன். பரீட்சை வாசலிலிருந்து திரும்பியதுபோல இதிலிருந்து திரும்ப முடியாது. கரும்பு டிராக்டரைச் சொன்னேன், கோட்டைச் சொன்னேன். கையால் காட்டினேன். இது அவன், இது டிராக்டர், இது லாரி.

பெரியப்பா பொறுமையாகக் கேட்டார். கெட்ட மனுஷர் இல்லை அவர். அண்ணன் பிணத்தை ஆஸ்பத்திரியிலிருந்து வாங்க இரண்டு நாள் சோறில்லாமல் நின்றவர்.

"சரி. மறச்சிச்சி. ஒத்துக்கறேன். அப்பறம் லாரி வெளிய வந்துச்சில்ல? நானும் பாத்தேன், ஒருவாட்டி இல்ல, பத்துவாட்டி பாத்தேன். வெளிய வந்தப்பறம் இன்னா பண்ணான்? ஒண்ணும் பண்ணல. நேராப் போறான். உசுரு மேல ஆச இருக்கறவன் ஒரு ஒதறலாவது ஒதற மாட்டான்?"

அம்மி நின்றுவிட்டது. அண்ணி அரைப்பதை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தாள். அம்மா இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கரும்பு போதவில்லை. எனக்கு அம்மாவைப் பார்க்கவே பயமாக இருந்தது. பார்க்காமலே சொன்னேன்.

"ஒதறினான் பெரியப்பா. போன்ல ஓட்டிப் பாத்தா தெரியாது, ஒவ்வொரு படமா நகத்தினாத்தான் தெரியும். தோள இழுத்தான். கால ஊணினான். ஹேண்டில்பார முழுசா இடது பக்கம் ஒடிச்சான். ஒரு கொஞ்சம் நேரம் இருந்திருந்தா தப்பிச்சிருப்பான். பாத்துட்டான் பெரியப்பா. பாத்துட்டுத் தப்பிக்கத்தான் பாத்தான்."

அடுப்பில் எண்ணெய் காய்ந்து புகைந்தது. அதை எடுக்க யாரும் எழவில்லை.

"பாத்தானா?" என்றாள் அம்மா.

"ஆமாம்மா."

"அப்ப பயந்தானா?"

நாங்கள் குறிக்கிற பட்டன்களில் பயத்துக்கு ஒரு பட்டன் கிடையாது. பார்த்தான், பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அண்ணிதான் எழுந்து வந்தாள். கையெல்லாம் மாவு. ஒரு வருஷத்துக்கப்புறம் நேராக அம்மா எதிரில் உட்கார்ந்தாள்.

"பயந்திருப்பாரு அத்த. பயந்ததாலதான் திருப்பினாரு. நம்மகிட்ட வரத்தான் திருப்பினாரு."

அம்மா அவளை அடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அம்மாவின் கை உயர்ந்தது, மாவு ஒட்டிய அந்தக் கையைப் பிடித்தது. அப்புறம் மடியிலிருந்த இலையை எடுத்து அண்ணியிடம் நீட்டினாள்.

"நீயே போடு. எண்ண கருகுது பாரு, மொதல்ல அத எறக்கு."

அப்பா இலைக்குப் பக்கத்தில் அண்ணன் இலை விழுந்தது. பெரியப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு இன்னாம்மா தெரியும், எல்லாரும் சொன்னாங்க" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். சாப்பிட உட்கார்ந்ததும் வடையில் உப்பில்லை என்றார். அண்ணி, "நீங்க பேசினதுல உப்பு போட மறந்துட்டேன்" என்றாள். அவர் இன்னொரு வடை கேட்டு வாங்கினார்.

அண்ணி எங்களோடுதான் இருக்கிறாள். அம்மா இப்போது நேராகவே அவளைத் திட்டுகிறாள். என்னிடம் மட்டும் அம்மா கொஞ்ச நாள் பேசாமல் இருந்தாள். நான் அவளிடமிருந்து எதை எடுத்துவிட்டேன் என்று எனக்குத் தெரியும். மகன் ஒன்றும் தெரியாமல் போனான் என்று ஒரு வருஷம் பிடித்துக்கொண்டிருந்தாள், அதை நான்தான் பிடுங்கினேன். தெருவில் ஏதாவது வண்டி பிரேக் போட்டால் இப்போது அம்மாவின் தோள் ஒருமுறை பின்னுக்குப் போகிறது. வலது தோள். நான் பார்க்காததுபோல இருந்துவிடுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கேப்பை மாவு சலித்துக்கொண்டே கேட்டாள்.

"அவன் இடது பக்கந்தான திரும்பினான்? அந்தப் பக்கம் இன்னா இருந்துச்சு?"

"எங்கம்மா?"

"திரும்பினான்னா எதயாவது பாத்திருப்பான்ல. லாரிய மட்டுமா பாத்திருப்பான்?"

அதை நான் பார்க்கவில்லை. எங்கள் வேலையில் ஒரு கோடுதான் போடுவோம், ஒரு ஆளுக்கு ஒரு பொருள். விசிறிக்குள் வேறு என்னவெல்லாம் இருந்தது என்று யாரும் கேட்டதில்லை. மறுநாள் மதியம் மறுபடி அந்தப் படத்தைத் திறந்தேன். முன்சக்கரத்தோடு ஹெல்மெட்டும் இடது பக்கம் திரும்பியிருந்தது. ஹெல்மெட் திரும்பிய பக்கத்தில் விசிறியை விரித்தேன். ரோட்டுக்கு அந்தப் புறம் ஒரு டீக்கடை. தகரக் கூரை, இரண்டு பெஞ்சு. கடைக்காரர் வெளியே வந்து நிற்கிறார். ஒரு கையில் டீ கிளாஸ். இன்னொரு கை தலைக்கு மேலே உயர்ந்திருக்கிறது. வாய் திறந்திருக்கிறது. அவர் என் அண்ணனைத்தான் பார்க்கிறார்.

வீட்டுக்கு வந்து அதை அப்படியே சொன்னேன். மீதி மாவைச் சலித்துக்கொண்டிருந்த அம்மா கையை நிறுத்தவில்லை.

"அந்தக் கடையிலதான் அவன் தெனம் டீ குடிப்பான். அந்தாளுக்கு இவன நல்லாத் தெரியும்" என்றாள் அண்ணி.

"கூப்ட்டிருப்பாரா?" என்றாள் அம்மா.

"வீடியோல சத்தம் இல்லம்மா."

"பேர் சொல்லிக் கூப்ட்டிருப்பாருடி. தெரிஞ்சவரு, சும்மாவா கைய தூக்குவாரு?" சல்லடையைத் தட்டினாள். "ஒருநாள் போயி அந்தாள கேக்கணும். ஒரு டீ குடிச்சிட்டு வர்லாம், மூணு பேருமா" என்றாள்.

"போலாம் அத்த. வர்ற ஞாயித்துக்கெழம போலாம்" என்றாள் அண்ணி.

நானும் தலையாட்டினேன். அந்த ஞாயிறும் போய்விட்டது, அடுத்ததும் போய்விட்டது. இருவரும் கிளம்பும்போதெல்லாம் நான்தான் தலைவலி, வயிற்றுவலி என்று ஏதாவது சொல்லித் தடுக்கிறேன். டீக்கடை ரோட்டுக்கு அந்தப் புறம் இருக்கிறது. கரும்பு டிராக்டர்கள் இந்த வருஷமும் ஓட ஆரம்பித்துவிட்டன.